முன்சக்கர லாக்

இன்ஜினியர்: ...லாக் சிக்குதுன்னா எப்படிச் சிக்குது சார்? அதைத்தான் திரும்பத் திரும்பக் கேக்கறேன்.

சர்வேயர்: சிக்குதுன்னா சிக்குதுதான். அதுல என்ன சார் வகை இருக்கு?

இன்ஜினியர்: இருக்கு. பாதி திரும்பி நிக்குதா, அசையவே மாட்டேங்குதா, இல்ல திரும்பிட்டுப் பழையபடி வந்துடுதா...

சர்வேயர்: அசையவே மாட்டேங்குது.

டாக்டர்: பாதி திரும்பி நிக்குது.

இன்ஜினியர்: வாங்க மேடம். நீங்க... அடுத்த ஆளா? வெளிய உக்காந்தீங்கன்னா நானே கூப்பிடுவேன்.

டாக்டர்: கூப்பிட்டாங்க, அதான் வந்தேன். கதவைத் திறந்தா இவர் உக்காந்திருக்கார்.

சர்வேயர்: எனக்கும் இதே நேரம்தான் சொன்னாங்க.

இன்ஜினியர்: ஒரு நிமிஷம் இருங்க... மாட்டு டாக்டர். சரி. நில சர்வேயர். சரி. வண்டி நம்பர்... இதென்ன, ரெண்டு பேரும் ஒரே நம்பரைக் குடுத்திருக்கீங்க?

சர்வேயர்: ஒரே வண்டிதான் சார். ஆளுக்குப் பாதி.

இன்ஜினியர்: ஓ... அண்ணன் தங்கச்சியா?

டாக்டர்: ஐயோ, முதல்ல வாயைக் கழுவுங்க.

இன்ஜினியர்: தப்பா எடுத்துக்காதீங்க மேடம். கூட்டு வியாபாரமா?

சர்வேயர்: அப்படித்தான் ஆரம்பிச்சோம். கல்யாணம்னு பேரு வச்சு.

இன்ஜினியர்: ஆ...

டாக்டர்: இப்ப இல்ல. வீட்டைப் பிரிச்சாச்சு, பாத்திரத்தைப் பிரிச்சாச்சு, பூனை அதுவா யோசிச்சு இவர் பின்னாடி போயிடுச்சு. வண்டியை மட்டும் பிரிக்க முடியல.

இன்ஜினியர்: பிரிக்கலாம் மேடம். திரும்பப் பூட்டறதுதான் பாடு.

சர்வேயர்: இவர் தொழிலைப் பத்திப் பேசறார்.

டாக்டர்: எனக்குப் புரிஞ்சுது. நீங்க மொழிபெயர்க்க வேணாம்.

சர்வேயர்: ஒரு மாசம் என்கிட்ட, ஒரு மாசம் இவங்ககிட்ட. முதல் ஞாயித்துக்கிழமை பைபாஸ்ல ஒரு பெட்ரோல் பங்க்ல கைமாத்திக்குவோம். வாங்கறவங்க எல்லாத்தையும் சரிபாத்துத்தான் வாங்கணும். லைட்டு, டயரு, ஜாக்கி, கடைசியா லாக். அதான் எங்களுக்குள்ள பேச்சு.

இன்ஜினியர்: அந்தக் கடைசியில வர்ற லாக்காலதான் இப்ப என் தலை உருளுது.

டாக்டர்: உங்க தலை எதுக்கு உருளணும்?

இன்ஜினியர்: வெளிய ஹால்ல பாத்தீங்கல்ல, எங்க கம்பெனி வண்டி வாங்கின ஓனருங்க எத்தனை பேருன்னு. ஒருத்தருக்குக் கூரைக்கு கேரியர் வேணும். ஒருத்தருக்கு பம்பர் மேல ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போடற அளவுக்கு லைட்டு. இன்னொருத்தர் கதவுல புலி ஒட்டித் தர முடியுமான்னு கேக்கறார். எல்லாம் மாட்டித் தர்றோம்னு சொல்லியாச்சு. உங்க ரெண்டு பேரை மட்டும் நான் தனியா வரச் சொன்னேன். ஏன்னா, இத்தனை வண்டி வித்திருக்கோம்... லாக் சிக்குதுன்னு சொல்றது உலகத்துலேயே நீங்க ரெண்டு பேர்தான். மாசம் தப்பாம.

சர்வேயர்: நாங்க கொஞ்சம் அதிகமா ஓட்டறவங்க சார்.

இன்ஜினியர்: எங்க மேனேஜர் அதைப் பிடிச்சுக்கிட்டார். 'எவன்யா இந்தக் காலத்துல சேத்துல இறங்கி, முன் சக்கரத்துகிட்ட முட்டி போட்டு, கையால லாக்கைத் திருகி, அப்புறம் ஏறி உக்காந்து நாலு சக்கரத்தையும் இழுக்க வைப்பான்? உள்ள ஒரு பட்டனை வை. அமுக்கினா முடிஞ்சுது'ங்கறார். இன்னைக்கு மத்தியானம் முடிவு பண்றாங்க. லாக்கை நிறுத்திட்டா அதை வார்க்கற அச்சையும் உருக்கிடுவாங்க. உங்க வண்டிக்கு பட்டன் செட்டு சும்மாவே மாட்டித் தருவோம்.

டாக்டர்: பட்டனா...

இன்ஜினியர்: ஒருத்தர் போதும் மேடம். இன்னொரு ஆளே தேவையில்ல.

சர்வேயர்: நல்லதுதானே. இல்லையா?

டாக்டர்: நல்லதுதான். யாரு நல்லதில்லன்னு சொன்னா?

இன்ஜினியர்: எனக்கு நல்லதில்ல. இந்த லாக்கை வரைஞ்சது நான். வரைஞ்சப்ப எனக்குத் தலை நிறைய முடி இருந்துச்சு. இந்தக் கட்டடத்துல என்னோடதுன்னு சொல்ல இது ஒண்ணுதான் இருக்கு. இதோ மேஜை மேல பாருங்க. இது சார் 'கெட்டுப்போச்சு'ன்னு திருப்பி அனுப்பினது. இது மேடம் அனுப்பினது. ரெண்டையும் கழட்டி, கழுவி, லென்ஸ் வச்சுப் பாத்தேன். சுண்டு விரலால திரும்புது.

சர்வேயர்: இங்க ஏசி ரூம் சார். அங்க மண்ணு, ஈரம்...

டாக்டர்: ஆமா, ஈரத்துல அது ஒரு மாதிரி பிடிச்சுக்கும்.

இன்ஜினியர்: தண்ணித் தொட்டியில போட்டு எடுத்தேன். சேத்துல புதைச்சு எடுத்தேன். திரும்புது.

சர்வேயர்: நம்ம சேறு வேற மாதிரி.

இன்ஜினியர்: சரி, சிக்கினா என்ன பண்ணுவீங்க?

டாக்டர்: ஒருத்தர் ஸ்டீரிங்ல உக்காந்து வண்டியை மெதுவா முன்னால ஒரு முழம், பின்னால ஒரு முழம் ஆட்டணும். இன்னொருத்தர் கீழ உக்காந்து சமயம் பாத்துத் திருகணும். சமயத்துல அரை மணி நேரம் ஆகும்.

சர்வேயர்: முக்கால் மணி கூட ஆயிருக்கு. அந்த மழை நாள்ல.

டாக்டர்: ஆமா, அன்னைக்கு டீ வேற குடிச்சோம் நடுவுல.

இன்ஜினியர்: பங்க்லயா? காங்கிரீட் தரையில எதுக்குங்க நாலு சக்கரமும்?

சர்வேயர்: சரிபாத்து வாங்கணும்ல சார். பேச்சுன்னா பேச்சு.

இன்ஜினியர்: நான் உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'லாக் சிக்கல'ன்னு மேனேஜர்கிட்ட சொன்னா போதும். அந்த வாயாலேயே 'இது இல்லன்னா நாங்க போற இடத்துக்குப் போக முடியாது'ன்னும் சொல்லணும். காட்டுக்குள்ள, ஆத்துக்குள்ள நிஜமா ஓட்டற ஆளு சொன்னா அவர் கேப்பார். நீங்க போறவங்கதானே?

சர்வேயர்: போகாம? போன மாசம் கூட ஒரு ஆத்துல இறக்கினேன்.

இன்ஜினியர்: ஆறா? எப்படிப்பட்ட ஆறு? எனக்குச் சொல்லுங்க சார். நான் இங்கயே கிடக்கறவன். எங்க டெஸ்ட் ட்ராக்ல ஒரு பள்ளம் இருக்கு, குழாய்ல நாங்களே தண்ணி விட்டு ரொப்புவோம். அதைத்தான் ஆறுன்னு நினைச்சுக்கணும்.

டாக்டர்: சொல்லுங்க. பங்க்ல எனக்குச் சொன்னீங்களே... அப்படியே சொல்லுங்க.

சர்வேயர்: அது மேப்ல இல்லாத ஆறு சார்.

இன்ஜினியர்: சர்வேயரே சொல்றீங்க, மேப்ல இல்லன்னு.

சர்வேயர்: அந்தப் பக்கம் அளக்க வந்தவன் மரத்தடியில தூங்கியிருப்பான். அகலமான ஆறு. ஆனா ஆழம் கிடையாது, கணுக்கால் அளவு. அடியில கூழாங்கல்லு, எல்லாம் லேசான ரோஸ் கலர். லாக்கைப் போட்டு மெதுவா இறக்கிட்டேன். நடு ஆத்துல வந்ததும்... என்னமோ தோணுச்சு. இன்ஜினை அணைச்சுட்டேன்.

இன்ஜினியர்: நடு ஆத்துலயா? மாட்டிக்கிட்டா?

சர்வேயர்: அதையெல்லாம் யோசிக்கல. சத்தமெல்லாம் அடங்கிப்போச்சு. கதவுக்குக் கீழ தண்ணி போற சத்தம் மட்டும். கதவைத் திறந்து காலைத் தொங்கப் போட்டேன். சின்னச் சின்ன மீனு வந்து விரலைக் கடிச்சுப் பாத்துச்சு. ருசி பிடிக்கல போல, போயிடுச்சு.

டாக்டர்: உங்க காலைக் கடிச்சா எந்த மீனு தங்கும்...

சர்வேயர்: வெயில் இந்த ஜன்னல்ல இருந்து அந்த ஜன்னலுக்குப் போயிடுச்சு. எதிர்க்கரையில ஒரு வெள்ளைக் குதிரை நின்னு என்னையே பாத்துட்டிருந்துச்சு. யாரோட குதிரைன்னு தெரியல. நான் கிளம்பற வரைக்கும் அதுவும் நகரல.

இன்ஜினியர்: ம்...

டாக்டர்: குதிரைக்குக் கால்ல ஏதாவது அடியான்னு கேட்டேன், இவர் பாக்கலையாம். ஒரு டாக்டரைக் கட்டினவர் அதையாவது பாக்க வேணாமா?

சர்வேயர்: நல்லாத்தான் இருந்துச்சு. மூணு கால்ல நின்னு ஒரு காலுக்கு ஓய்வு குடுத்துட்டிருந்துச்சு.

டாக்டர்: அதை இப்பதான் சொல்றீங்க.

சர்வேயர்: இப்பதானே ஞாபகம் வருது.

இன்ஜினியர்: மேடம், நீங்க?

டாக்டர்: நான் மலைக்கு. ஆட்டுக்கு உடம்பு சரியில்லன்னு உச்சியில மேய்க்கறவங்க கூப்பிட்டிருந்தாங்க. கடைசித் திருப்பத்துக்கு அப்புறம் பாதையே கிடையாது, வெறும் புல்லு. லாக்கைத் திருகிட்டு ஏத்தினேன். மேல போனா ஒரு ஆளும் இல்ல. ஆடுங்க மட்டும் படுத்திருக்கு. அப்பதான் ஒரு மேகம் வந்துச்சு.

சர்வேயர்: இதுதான் சார் நல்ல இடம்.

டாக்டர்: குறுக்க பேசாதீங்க. இந்த ஜன்னல் வழியா உள்ள வந்துச்சு. ஸ்டீரிங்கு தெரியல, என் கையே எனக்குத் தெரியல. கொஞ்ச நேரம் வண்டிக்குள்ளேயே உக்காந்திருந்துட்டு அந்த ஜன்னல் வழியா வெளிய போச்சு. சீட்டெல்லாம் ஈரம். எனக்கு என்னமோ... யாரோ பக்கத்துல உக்காந்துட்டு எந்திரிச்சுப் போன மாதிரி இருந்துச்சு.

சர்வேயர்: பங்க்ல இதைச் சொல்லல நீ.

டாக்டர்: என்னத்த?

சர்வேயர்: யாரோ உக்காந்து எந்திரிச்ச மாதிரின்னு.

டாக்டர்: ...சொன்னேன். நீங்க கீழ லாக்கைத் திருகிட்டு இருந்தீங்க. கேட்டிருக்காது.

இன்ஜினியர்: அப்புறம் மேடம்?

டாக்டர்: அப்புறம் பானட்டு மேல ஏறிப் படுத்தேன். இன்ஜின் சூடு முதுகுக்கு இதமா இருந்துச்சு. கண்ணு முழிச்சா மேகமெல்லாம் கீழ கிடக்கு, யாரோ மெத்தையைப் பிரிச்சு பஞ்சைக் கொட்டி வச்ச மாதிரி. ஒரு ஆட்டுக்குட்டி என் ஷூ கயித்தை மென்னுட்டு இருக்கு.

இன்ஜினியர்: என்னங்க இது... நான் வரைஞ்ச ஒரு சின்ன இரும்பு வட்டம். அது இவ்வளவு தூரம் போயிருக்கா? நான் வீட்டுக்குப் போனா பொண்டாட்டி கேப்பா, இன்னைக்கு என்னன்னு. ஒண்ணுமில்லம்பேன். இன்னைக்குச் சொல்லுவேன்.

சர்வேயர்: சொல்லுங்க சார். நல்லா சொல்லுங்க.

இன்ஜினியர்: அப்போ யாரு மேனேஜர்கிட்ட பேசறீங்க? சார்?

சர்வேயர்: லாக்... சிக்கத்தான் சார் செய்யுது.

இன்ஜினியர்: மேடம்?

டாக்டர்: நான் பொய் சொல்ல முடியாதே. சிக்குதே.

இன்ஜினியர்: மேல ஏத்தும்போது மட்டும் சிக்காம, ஆத்துல மட்டும் சிக்காம, பங்க்ல வந்து சிக்குதா? என்னங்க லாக்கு அது... இருங்க, போன் அடிக்குது. ம்... ம்... இதோ வர்றேன் சார். மேனேஜர் கூப்பிடறார். அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன். அதுக்குள்ள ரெண்டு பேரும் நல்லா யோசிங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்னு வச்சுக்கங்க.

டாக்டர்: நல்ல மனுஷன், பாவம்.

சர்வேயர்: ம்.

டாக்டர்: பூனை எப்படி இருக்கு?

சர்வேயர்: குண்டாயிடுச்சு. உன் தலையணையிலதான் படுக்குது.

டாக்டர்: அதை இன்னும் வச்சிருக்கியா?

சர்வேயர்: பூனைக்கு வேணும்ல.

டாக்டர்: ...இங்க பாரு. திரும்புது.

சர்வேயர்: எது?

டாக்டர்: லாக்கு. ஒத்தை விரல்ல திரும்புது. இது நான் அனுப்பினது. இதோ, நீ அனுப்பினது. இதுவும் திரும்புது.

சர்வேயர்: இங்க ஏசி ரூம்...

டாக்டர்: ஏசியை விடு.

சர்வேயர்: முதல்ல சிக்குதுன்னு சொன்னது நீதான்.

டாக்டர்: ஆமா, நான்தான். அந்த முதல் ஞாயித்துக்கிழமை. நீ சாவியைக் கையில குடுத்த. 'டயர்ல காத்து சரியா இருக்கு'ன்ன. திரும்பி பஸ் ஸ்டாப்புக்கு நடக்க ஆரம்பிச்சுட்ட. ஒரு தடவை கூடத் திரும்பிப் பாக்கல. எனக்கு உன்னை எப்படி நிறுத்தறதுன்னு தெரியல. இத்தனை வருஷம் ஒரு வீட்டுல இருந்துட்டு, உன்னைக் கூப்பிட ஒரு வார்த்தை அகப்படல. 'லாக் சிக்கிடுச்சு'ன்னு வாய்ல வந்துச்சு.

சர்வேயர்: அப்போ... சிக்கல.

டாக்டர்: இல்ல.

சர்வேயர்: எனக்குத் தெரியும்.

டாக்டர்: என்ன தெரியும்?

சர்வேயர்: வந்து உக்காந்து கை வச்சேன். உடனே திரும்பிடுச்சு. வெண்ணெயா திரும்பிச்சு.

டாக்டர்: பொய். அரை மணி நேரம் மல்லுக்கட்டினயே. பல்லைக் கடிச்சுக்கிட்டு... முகமெல்லாம் சிவந்து போச்சே.

சர்வேயர்: மூச்சை அடக்கிட்டிருந்தேன்.

டாக்டர்: அடப்பாவி.

சர்வேயர்: நீ மேல உக்காந்து முன்னால, பின்னால ஆட்டிட்டு, 'இப்ப திருகு, இப்ப திருகு'ன்னு கத்திட்டிருந்த. நம்ம வீட்டுல கடைசி ஒரு வருஷம் நீ என்கிட்ட அவ்வளவு பேசினதில்ல. நான் எதுக்குத் திருகி முடிக்கணும்? ஏய், அழாத. கண்ணாடிக் கதவு. வெளிய புலி ஸ்டிக்கர்காரர் பாக்கறார்.

டாக்டர்: நான் அழல. சண்டை போட்டாவது பிரிஞ்சிருக்கலாம் நாம. சும்மா பேசாம இருந்தே பிரிஞ்சுட்டோம். இப்ப மாசத்துல அந்த ஒரு நாள்தான் நான் வாய் விட்டுச் சிரிக்கறேன், தெரியுமா? மீதி நாளெல்லாம் மாடு பேசறதைக் கேட்டுட்டு இருக்கேன்.

சர்வேயர்: எனக்குப் பூனை. அதுவும் பேசறதில்ல.

டாக்டர்: இப்ப அவர் வந்து கேப்பார். என்ன சொல்றது?

சர்வேயர்: சிக்குதுன்னு சொன்னா பட்டனை வச்சுடுவாங்க. அப்புறம் சரிபாக்கவும் ஒண்ணுமில்ல. அமுக்கிப் பாத்துட்டு 'சரி, வர்றேன்'னு போயிடணும்.

டாக்டர்: சிக்கலன்னு சொன்னாலும் அதேதான். சிக்காத லாக்கை ரெண்டு பேரு எதுக்குத் திருகணும்?

சர்வேயர்: எப்படிப் போனாலும் இடிக்குதே.

டாக்டர்: நாம அடிச்ச கூத்துக்கு அந்த மனுஷன் போட்ட லாக்கை உருக்கப் போறாங்க. அது பாவமில்லையா?

சர்வேயர்: பாவம்தான். ...நான் சொல்லிடறேன்.

டாக்டர்: ஆரம்பிச்சு வச்சது நான். நானே சொல்றேன்.

சர்வேயர்: இதுக்கும் போட்டியா? ...இதோ வர்றார்.

இன்ஜினியர்: மேனேஜர் பக்கத்து ரூம்லதான் இருக்கார். அவர் சாப்பிடப் போறதுக்குள்ள சொல்லியாகணும். என்ன முடிவு பண்ணினீங்க?

டாக்டர்: லாக் சிக்கல சார். ஒரு நாளும் சிக்கினதில்ல.

இன்ஜினியர்: என்னது?

சர்வேயர்: நல்ல லாக்கு சார் அது. வெண்ணெயா திரும்பும்.

இன்ஜினியர்: அப்போ இத்தனை நாளா... ரெண்டு பேருமா? எதுக்குங்க? நான் ராத்திரி தூக்கம் கெட்டு அந்த லாக்கோட பல்லையெல்லாம் எண்ணிட்டு இருந்தேனே.

டாக்டர்: மன்னிச்சுக்கங்க. அதுக்குக் காரணம் உங்க பல்லு இல்ல. நாங்கதான்.

இன்ஜினியர்: ...பங்க்ல. முக்கால் மணி நேரம். டீ வேற.

சர்வேயர்: ஆமா சார்.

இன்ஜினியர்: புரியுது. நான் ஒரு மடையன், சேத்தை வாரிக் கொண்டாந்து அதுல புதைச்சுப் பாத்தேன். ...பரவாயில்ல. எனக்குக் கோபமே வரல பாருங்க. வாங்க, எந்திரிங்க. இதையே மேனேஜர்கிட்ட சொல்லுங்க. சொல்லிட்டு சார், நீங்க அந்த ஆத்தைச் சொல்லணும். ரோஸ் கல்லு, குதிரை, எல்லாம். மேடம் மேகத்தைச் சொல்லட்டும். மனுஷன் அசந்து போயிடுவார்.

சர்வேயர்: ஆறு... அவசியம் சொல்லணுமா?

இன்ஜினியர்: அதானே சார் முக்கியம். லாக்கைப் போட்டு நிஜமா ஓட்டறவங்க இருக்காங்கன்னு தெரிஞ்சாத்தான் அச்சு தப்பும்.

சர்வேயர்: சார்... நான் அந்த ஆத்துக்குப் போனதில்ல.

டாக்டர்: என்னது?

சர்வேயர்: எங்க ஆபீஸ்ல இப்ப எல்லாம் ட்ரோன் பறக்க விட்டு அளந்துடறாங்க. நான் ஃபேனுக்குக் கீழ உக்காந்து கோடு போடறேன். வண்டியை வாங்கிட்டுப் போய் வாசல்ல நிறுத்துவேன். ஞாயித்துக்கிழமை வரும்போது இவகிட்ட சொல்ல ஏதாவது வேணுமே... முதல் நாள் படுத்துக்கிட்டே ஒரு இடத்தை யோசிப்பேன்.

டாக்டர்: மீனு?

சர்வேயர்: மீனும்தான்.

டாக்டர்: குதிரை?

சர்வேயர்: உனக்குப் பிடிக்குமேன்னு சேத்தேன்.

இன்ஜினியர்: போச்சு... சரி, சரி, பதற வேணாம். ஆறு போனா போகட்டும். மேடத்தோட மலை இருக்கே, அந்த மேகம் ஒண்ணு போதும். வாங்க மேடம். ...மேடம்?

டாக்டர்: எங்க ஆஸ்பத்திரியில டிரைவரோட வேன் குடுத்துட்டாங்க சார், இந்த வண்டியை நான் எங்கயும் எடுக்கறதே இல்ல, அந்த மலையை என் ஜன்னல்ல இருந்து பாத்ததோட சரி... மேனேஜரை ஒரு மாசம் மட்டும் பொறுக்கச் சொல்லுங்க. இந்த மாசம் வண்டி என் முறை. நான் ஓட்டறேன், இவர் இறங்கித் திருகட்டும்... ரெண்டு இடத்துக்கும் போயிட்டு வந்து சொல்றோம்.